திரும்பக் கூப்பிடும் தூரம்

உலகத்தில் உள்ள மனிதர்கள் அத்தனை பேரையும் செருப்பு மாட்டுகிற வேகத்தை வைத்து இரண்டாகப் பிரித்துவிடலாம் என்பது லட்சுமிகாந்தம் மாமாவின் கண்டுபிடிப்பு. அவருக்கு ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி, சிவகாசியில் கடை. செருப்பு ஆணி உரசிப் பொறி கிளம்பும் என்று இரண்டு இடத்திலும் செருப்பு வாசலோடு சரி. பேரம் படியாமல் வெளியே போகிறவன் சட்டென்று மாட்டிக்கொண்டு நடந்தால் நிஜமாகவே போகிறான். அவனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட வேண்டும். குனிந்து வாரை இழுத்து, கழற்றி, மறுபடி இழுத்தால், நாம் கூப்பிடுவோம் என்று நிற்கிறான். "அவனக் கூப்பிடவே கூடாது மாப்ளே. தானா உள்ள வருவான், சொன்ன விலைக்கு வாங்குவான். மானங்கெட்ட பய." கல்லூரி விடுமுறைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்படிப்பட்ட மானங்கெட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். காரியாபட்டியிலிருந்து பிள்ளைகளோடு வந்த ஒருவர் வாரோடு மல்லுக்கட்டிய நேரத்தில், மாமா சூடான டீயை ஊதி ஊதிக் குடித்தே முடித்துவிட்டார்.

இரண்டாயிரத்து எட்டில் மாமாவுக்கு ஹைபிரிட் கார் தேவைப்பட்டது. பெட்ரோலோடு பேட்டரியும் சேர்ந்து ஓட்டும், புகை குறைவு. வருஷம் முழுக்கப் புகையை லாரி லாரியாக ஏற்றி வடக்கே அனுப்புகிறவருக்குத் திடீரென்று காற்றின் மேல் வந்த கரிசனத்துக்குக் காரணம் அவர் மகள் கீர்த்திகா. அவளை எனக்குக் கொடுப்பதாக இருந்த பேச்சு, என் அரியர்கள் வெளியே தெரிந்ததும் நின்று, ஒரு அமெரிக்க மாப்பிள்ளை அமைந்திருந்தான். அவன் அங்கே ஓட்டுவது ஹைபிரிட்டாம். சம்பந்தி போனில் அதைச் சொல்லி முடிப்பதற்குள், "நம்ம வீட்லயும் அதான் நிக்குது" என்று மாமா சொல்லிவிட்டார். நின்றது அம்பாசடர். ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயத்துக்கு அவர்கள் வருகிறார்கள். அதற்குள் அது வாசலில் வந்து நிற்காவிட்டால் மாமா பொய்யர்.

ஆடியில்தான் கார் பார்க்கப் போக வேண்டும் என்றார், துணைக்கு நான். "ஆடியில எவன் கார் எடுப்பான்? கடைக்காரன் காஞ்சு கெடப்பான். இப்ப விலைய முடிச்சிட்டு ஆவணில ஓட்டிட்டு வந்துரணும்." அச்சடித்த விலையிலும் அவருக்கு மயக்கம் கிடையாது. எங்கள் விலைப்பட்டியலில் ஐந்து மடங்கு விலையை அடித்து, எண்பது சதவீதம் தள்ளுபடி என்று கீழே போடுவோம். ஆகவே உலகத்தின் எல்லா விலைப்பட்டியலும் சிவகாசியில் அடித்தவை என்றே நம்பினார்.

மதுரை ஷோரூமின் கண்ணாடிக் கதவைக் கண்டதும், கம்பெனிப் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார். அந்த வாசலில் கிடந்தது அந்த ஒரு ஜோடிதான். உள்ளே சுமைரா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் விலையைச் சொன்னாள்.

"அது அச்சடிச்ச விலம்மா. தள்ளுபடி எம்புட்டு?"

"கால் மேட் ஃப்ரீ சார். ஒரு சென்ட் பாட்டிலும் தர்றோம்."

"நாங்க சிவகாசி. எம்பது பர்சன்ட் தள்ளுறவங்க தாயி."

"சந்தோசம் சார்."

மாமா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஆடியில இங்கன ஈதான் வருது. கொஞ்சம் எறங்கி வாங்க."

"ஈதான் சார். ஆனா இந்த மாடல்ல இருக்கிறது இந்த ஒண்ணுதான். சாயங்காலம் உங்க ஊர்லருந்தே ஒருத்தங்க பாக்க வர்றாங்க."

மாமா என் தொடையைத் தட்டினார். "இதான் கடைசிப் பெட்டி! நம்ம கடை வசனம்லே." பிறகு அவளிடம், "ஒங்கப்பா என்ன பண்றாரு?"

"விருதுநகர்ல வத்தல் கமிஷன் கடை சார். பெருநாளுக்குத் துணி வாங்கவே வாப்பாட்ட பேரம் பேசி வளந்தவ நானு."

மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். காரை ஒரு சுற்று பார்த்தார். பானெட்டில் கையை வைத்தார், எடுத்தார்.

"அப்ப வாரோம்மா."

"வாங்க சார்."

வெளியே ஆடிக்காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மாமா குனிந்து வலது கால் வாரை இழுத்தார். கண்ணாடிக்கு உள்ளே சுமைராவின் மேஜைக்கு டீ வந்தது. அவள் வாசல் பக்கம் பார்க்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதினாள்.

மாமா வாரைக் கழற்றினார். மறுபடி இழுத்தார்.