முத்துமீனாவின் நீராவிப் படகு

முத்துமீனா வில்லாபுரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஒன்பது மாதமாக ஒரு படகுக்கு நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தாள். சிலிண்டரைப் பித்தளையில் பட்டறைக்காரர் கடைந்து கொடுத்தார். பாய்லருக்கான செம்புக் குழாய்களை அவளே வளைத்துப் பற்றவைத்தாள். நான்கு முறை ஒழுகியது. நான்கு முறையும் பிரித்தாள்.

ஒழுகலைவிட அவளைப் படுத்தியது கணவன் பாண்டிராஜ்தான். ஆரப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சும்மா இருக்கவும் தெரியாது.

"மீனா, இந்தச் சக்கரம் இன்னும் பெருசா இருந்தா கெத்தா இருக்கும்ல?"

"கெத்துக்கா செய்றேன்? போய்க் கடையைத் தொறங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை லோடு ஆட்டோவில் ஏற்றி, கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க்குக் கொண்டுபோனார்கள். அங்கே மீன் குத்தகை எடுத்திருந்த சோணை தன் சிறிய படகைக் கொடுத்தார். எஞ்சினைப் பொருத்தி, கொட்டாங்குச்சியைப் போட்டு நெருப்பு மூட்டி, கழியால் ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு போனாள். அழுத்தம் ஏறியதும் வால்வைத் திறந்தாள். சக்கரம் ஒருமுறை முரண்டுபிடித்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

படகு பின்னால் போனது. நேரே கோரைக்குள் புகுந்து நின்றது.

"டீச்சர், ரிவர்ஸுல போகுது!" என்று கரையிலிருந்து கத்தினார் சோணை.

நீராவியை அடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். நீராவி எப்போது உள்ளே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வட்டத் தகடு இடம் மாறியிருந்தது. அதைத் திருப்பி மாட்டினால் எஞ்சினும் திரும்பித்தான் சுற்றும். வெள்ளிக்கிழமை வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது.

"ஏங்க, இதைக் கழட்டுனீங்களா?"

"கழட்டலையே. அழுக்கா இருந்துச்சேன்னு எடுத்துத் தொடச்சேன். திரும்ப மாட்டிட்டேன்."

"அதுக்குப் பேரு என்ன?"

"தொடைக்கிறது."

முத்துமீனாவுக்கு அழுகை வந்தது. அழுதால் ஆறுதல் சொல்லப் படகுக்கே வந்துவிடுவான் என்பதால் அடக்கிக்கொண்டாள். நெருப்பைத் தள்ளி அணைத்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தண்ணீருக்குள் படகைத் தள்ளும் காற்றாடியில் சுற்றியிருந்த கோரையை அறுத்தாள். பிறகு தகட்டைத் தளர்த்தி, முன்பே தான் அடையாளமாகப் போட்டிருந்த புள்ளிக்கு நேராக வைத்து முடுக்கினாள்.

"நான் ஸ்பேனர் எடுத்துட்டு வாரேன்!"

"வராதீங்க! கொட்டாங்குச்சி தீந்துபோச்சு. ஊருக்குள்ள போய் வாங்கிட்டு வாங்க."

பாண்டிராஜ் வெயிலில் நடந்துபோய் ஒரு மூட்டையைச் சுமந்து வந்தான். சட்டை முழுக்கத் தூசி. மீண்டும் நெருப்பு, மீண்டும் காத்திருப்பு. இந்தமுறை படகு முன்னால் போனது. எருமை நீந்துகிற வேகம்தான். ஆனாலும் போனது.

"மீனா, என்னையும் ஏத்திக்க!"

காதில் விழாததுபோல் இன்னொரு சுற்றுப் போனாள். அப்போதும் கோபம் தணியவில்லை. மூன்றாவது சுற்றும் போய்விட்டுத்தான் படகைக் கரைக்குத் திருப்பினாள்.