தொண்ணூற்றைந்தில் கொதித்த தண்ணீர்

சசிரேகா செய்த ஒரே குற்றம், கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதியது.

தேயிலைத் தோட்டத்துத் தேநீர்க் கடையில் தினமும் காலையில் அண்டாத் தண்ணீர் கொதித்ததும் வெப்பமானியை விட்டுப் பார்த்து, சூட்டைப் புத்தகத்தில் பதிய வேண்டும். நூறு டிகிரி இருக்க வேண்டுமென்பது கிள்ளானில் இருக்கும் தலைமை அலுவலகத்தின் சட்டம். கூட வேலை பார்க்கும் மோகனா அண்டாவை எட்டிக்கூடப் பார்க்காமல் நூறு என்று கிறுக்கிவிட்டுப் போவாள். சசிரேகாவின் முறை வந்தால் தொண்ணூற்றைந்து. மூன்று வருடமாக அதே தொண்ணூற்றைந்து. எந்த மகராசனும் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை.

போன மாதம் கடைக்கு வந்துபோன சுற்றுப்பயணிகள் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு. வழியெல்லாம் எதைத் தின்று தொலைத்தார்களோ, யார் கண்டது! புகார் வந்ததும் கிள்ளானிலிருந்து புதிதாக வந்திருந்த துரை புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"தண்ணியக் கொதிக்க வைக்காம ஊத்தியிருக்க. ஒன் கையாலயே எழுதியும் வச்சிருக்க லா."

"கொதிச்சுதுங்க தொரை. இது மலைங்க. இங்க காத்தோட அழுத்தம் கம்மி, தண்ணி தொண்ணூத்தஞ்சுலயே கொதிச்சிரும். அதுக்கு மேல எம்புட்டு எரிச்சாலும் ஆவியாத்தான் போகும், சூடு ஏறாது. மூடி போட்டு அமுக்குனாத்தான் ஏறும். ஒங்க பங்களாவுலயும் பருப்புக்குக் குக்கர்தானுங்களே கூவுது?"

பங்களாவை இழுத்ததுதான் வினையாகிப் போயிற்று.

"எனக்கே பாடம் நடத்துறியா?" என்றார் துரை. அண்டாவை ஏற்றச் சொன்னார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வெப்பமானி தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை. "இது ரோசாக், கெட்டுப் போச்சு. புதுசு வாங்குங்க," என்று கணக்கெழுதும் கிராணி மகேஸ்வரனிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

வேலை போயிற்று. வேலை போனால் அதோடு கிடைத்த லயத்து வீடும் போகும், அதுதான் தோட்டத்து நியாயம். பொய் எழுதியவள் கடையில் இருந்தாள். மெய் எழுதியவள் வாசலுக்கு லோரி வந்து நின்றது.

சட்டி பானையெல்லாம் ஏற்றி முடிக்கும்போது மோகனா ஓடி வந்தாள்.

"அக்கா, புது வெப்பமானி வந்திருச்சு. இன்னிக்கு நானே விட்டுப் பாத்தேன். அதுவும் தொண்ணூத்தஞ்சுதான் காட்டுது. நீ சொன்னதுதான் நெசம்."

சசிரேகாவுக்கு உயிர் திரும்பி வந்தது. "தொரைகிட்டச் சொன்னியாடி? புத்தகத்துல ஏத்துனியா?"

மோகனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நூறுன்னுதான்க்கா எழுதுனேன். எனக்கும் லயத்து வீடுதானே."

சசிரேகா கடைசிப் பானையைத் தூக்கி உள்ளே வைத்தாள். "நல்லா இரு," என்று மட்டும் சொல்லிவிட்டு லோரியில் ஏறினாள்.