மாமிக்குத் தெரியாத லொறி

கோடை விடுமுறைக்கு நியூசிலாந்தின் ஒக்லாந்தை விட்டுப் புறப்படும் சனத்தைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்க வேண்டாம். பதினொரு மாதம் சும்மா கிடந்த கரவன் என்ற இழுவை வீட்டைத் தூசி தட்டிக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு, சைக்கிள் நாலு, நாய் ஒன்று, மாமியார் ஒருவர் என்று ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்துவிடுவார்கள். வளைவுகளில் அறுபதில் உருட்டுவார்கள். முந்துவதற்கென்று இரண்டாவது தடம் வந்ததும் திடீரென்று வீரம் பிறந்து நூறில் பறப்பார்கள். பின்னால் லொறியில் வரும் நான் தொண்ணூறைத் தாண்டினால் என் லைசென்சுக்கு வேட்டு. ஆகவே அவர்களின் பின்புறத்தைப் பார்த்தபடியே போக வேண்டியதுதான். அதிலும் பாருங்கள், அந்தப் பின்புறங்களுக்காகத்தான் நான் ஓடுகிறேன். மனுரேவா களஞ்சியத்திலிருந்து கடற்கரை ஊர்க் கடைகளுக்கு நான் கொண்டுபோவது ஒரு லொறி நிறைய டொய்லெட் பேப்பர்.

என் பெயர் சோபனா. வயது நாற்பத்து நாலு. வீடு ரானுயியில். எட்டு வருடம் முதியோர் இல்லமொன்றில் ஆட்களைத் தூக்கிக் கிடத்தி இடுப்புப் போன பிறகு, கனரக வாகன லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருடமாக லொறி ஓட்டுகிறேன். என் வாழ்க்கையில் நான் விரும்பிச் செய்யும் முதல் வேலை இது. அந்த உயரமான ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தால் நான் ஒரு ராசாத்தி என்ற நினைப்பு வரும். வந்தால் வரட்டுமே.

ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக ‘லொறி’ என்ற சொல்லுக்கே தடை. காரணம், என் கணவர் பார்த்தீபனின் அம்மா சரோஜாதேவி, மூன்று மாத விசாவில் கோண்டாவிலிலிருந்து வந்திருந்தார். அவரைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போகும் வழியில்தான் பார்த்தீபன் மெல்லத் தொடங்கினார்.

“சோபி, அம்மாட்ட லொறிக் கதை கதைச்சுப்போடாத. அவவுக்குப் பிறஷர். மருமகள் லொறி ஓடுறாள் எண்டு கேட்டால் உடைஞ்சு போவா.”

“அப்ப என்னெண்டு சொல்லுறது?”

“லொஜிஸ்டிக்ஸ் எண்டு சொல்லுவம்.”

அன்றிலிருந்து தினமும் இஸ்திரி போட்ட சட்டையும் கைப்பையுமாக வீட்டை விட்டு இறங்குவேன். களஞ்சியத்தின் கழிவறைக்குள் புகுந்து மஞ்சள் மேலங்கிக்கும் இரும்பு முனைச் சப்பாத்துக்கும் மாறுவேன். மாலையில் மறுபடியும் சட்டை, கைப்பை. நாடகக்காரிகூட இவ்வளவு உடுப்பு மாற்றமாட்டாள்.

இதில் எனக்கு வலித்தது வேறு. மாமி ஒருநாளாவது என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகனின் வங்கி வேலையைப் பற்றிக் கேட்பார், பேத்தி ராகவியின் நீச்சலைப் பற்றிக் கேட்பார், பக்கத்து வீட்டுப் பூனையின் சுகத்தைக்கூட விசாரிப்பார். நான் உழைக்கிறேனா, ஊர் சுற்றுகிறேனா என்று அவருக்கு அக்கறையில்லை என்றுதான் நினைத்தேன். விசா முடிந்து அவர் திரும்புவதற்குள் ஒரே ஒரு தரம் என்னை அந்த லொறியோடு பார்க்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. பார்த்துவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

நத்தார்ப் பண்டிகை முடிந்து மூன்றாம் நாள் அவர்கள் பயணம். பிளாக்ஹவுஸ் பேயிலிருக்கும் ஜெயரட்ணம் அண்ணையிடம் கரவனை இரவல் வாங்கியாயிற்று. வடக்கே ஒரேவா கடற்கரைக்குப் போவதாகப் போன கிழமை பார்த்தீபன் சொல்லியிருந்தார். எனக்கு லீவு இல்லை; சனிக்கிழமை போய்ச் சேருவதாக ஏற்பாடு. அவர்கள் வடக்கே, என் லொறி தெற்கே. நிம்மதி.

காலையில் நான் வெளிக்கிடும்போது அவர்கள் கரவனைக் கொழுவிக்கொண்டிருந்தார்கள். பயணம் புறப்படுகிறவரிடம் ‘எங்கே’ என்று கேட்கக் கூடாது. மாமி இருக்கும் வீட்டில் அதைக் கேட்டால் அன்றைக்குப் பயணமே நின்றுவிடும். ஆகவே முறைப்படி கேட்டேன்.

“தூரமோ?”

“ஓம், தூரந்தான்,” என்றார் பார்த்தீபன்.

மாமிக்குத் திருப்தி. முதல்நாள் மாலை மாமி வெந்நீர் ஊற்றில் குளிக்க ஆசைப்பட்டதும், ஒரேவா ரத்தாகி எல்லோரும் தெற்கே திரும்பிவிட்டதும் எனக்கு யாரும் சொல்லவில்லை. ‘எங்கே’ என்று கேட்கக்கூடிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தால் அந்த மனுசனை வேறு பாதையில் அனுப்பியிருப்பேன்.

பொருள் ஏற்றிக்கொண்டு, ஒக்லாந்தின் தெற்கு எல்லையிலுள்ள பொம்பே மலை உச்சிக்கு வந்தபோது மணி ஒன்பதரை. டீசல் அடிக்க, அங்கிருக்கும் எரிபொருள் நிலையத்தில் லொறிகளுக்கான பக்கத்துக்குள் நுழைந்தேன். எனக்கு முன்னால் இரண்டு லொறிகள், இரண்டும் அசையவில்லை. வெளியே போகும் வழியின் குறுக்கே ஒரு கரவன், காரோடு சேர்ந்து முழங்கை மடக்கியதுபோல் மடங்கி நின்றது. அதன் பின் கண்ணாடியில் ஜெயரட்ணம் அண்ணை ஒட்டிவைத்த பிள்ளையார். தடை நீக்க வேண்டியவர் தடையின் முதுகிலேயே ஒட்டப்பட்டிருந்தார், பாவம்.

காரில் பார்த்தீபன். முன்னால் வந்தால் தூணில் இடிக்கும். பின்னால் எடுத்தால் இன்னும் மடங்கும். கரவனின் பின்பக்கம் இடப்புறம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்ப வேண்டும் என்பதை யார் அவருக்குச் சொல்வது. பின்னால் ஹோர்ன் சத்தம் காதைக் கிழித்தது. முன் லொறிக்காரர் இறங்கி வந்து ஏதோ கையைக் காட்ட, இவர் அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினார்.

நான் ஆசனத்திலேயே குனிந்து ஒளிந்தேன். உண்மையைச் சொன்னால் இரண்டு நிமிடம் ஒளிந்தே இருந்தேன். பிறகு என்மீதே ஆத்திரம் வந்தது. என் வேலைத்தலத்தில், என் லொறிக்குள், நான் எதற்கு ஒளிய வேண்டும்? கதவைத் திறந்து இறங்கினேன்.

என்னைக் கண்டதும் பார்த்தீபனின் முகம் செத்துப்போனது. கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார்.

“ஏன் இறங்கினனீ? அம்மா பின்னால இருக்கிறா.”

“இறங்குங்கோ.”

“நான் எடுக்கிறன். நீ லொறிக்குப் போ, சோபி. கெதியாப் போ.”

இத்தனை லொறிகளை மறித்து நிற்பது அவருக்குப் பரவாயில்லை. என்னை அந்த மஞ்சள் மேலங்கியோடு அவருடைய அம்மா பார்ப்பதுதான் தாங்க முடியவில்லை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கதவைத் திறந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

ஏறி உட்கார்ந்தேன். பின் ஆசனத்தில் ராகவி, “ஹாய் மம்,” என்றாள். பக்கத்தில் மாமி மடியில் சோற்றுப் பார்சலோடு நேராக உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால், மெதுவாக வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். கரவன் நேரானது. ஹாண்ட் பிரேக்கை இழுத்தேன். வெளியே லொறிக்காரர் ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

“மாமி,” என்றேன்.

“எனக்கு வந்த அண்டே தெரியும், பிள்ளை,” என்றார் மாமி. “ராகவி படம் காட்டினவள். லொறிக்குப் பக்கத்தில நீ நிக்கிற படம். அதை என்ர தங்கச்சிக்கும் அனுப்பினனான்.”

“பிறகேன் மாமி ஒரு வார்த்தை கேக்கேல்லை?”

“அவன்தானே கேக்க வேண்டாம் எண்டவன். நீ அந்த வேலையைச் சொல்ல வெக்கப்படுறியாம். கேட்டால் அழுவியாம்.”

“நானோ?”

மாமி கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே, தூணுக்குப் பக்கத்தில் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி நிற்கும் தன் மகனைப் பார்த்தார். எனக்கு அழுகைதான் வந்தது. இரண்டு மாதமாகக் கழிவறைக்குள் நான் கழற்றி மாட்டிய உடுப்பெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

இறங்கிச் சாவியைப் பார்த்தீபனின் கையில் வைத்தேன்.

“அம்மா என்ன சொன்னவ?” அவருடைய குரல் கீழே போயிருந்தது.

“வெக்கப்பட்டது ஆர் எண்டு சொன்னவ.”

“சோபி, அது...” என்று தொடங்கினார். சாவி கையிலேயே இருக்க, வழியின் நடுவிலேயே நின்றார். காரின் பின் ஜன்னல் கண்ணாடி முழுவதுமாக இறங்கியது.

“பார்த்தீபன்,” என்றார் மாமி. “வழியை விடு. பிள்ளைக்கு வேலை கிடக்கு.”