அம்மா சொன்ன பதில்

அந்த மாதம் எனக்கு அயோடின் பிரிவில் பயிற்சி. கழுத்துச் சுரப்பியில் புற்றுநோய் வந்து அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கதிரியக்க மாத்திரை கொடுக்கும் இடம். மாணவி நான் கொடுக்க வேண்டும். சீனியர் அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பத்துக் கையெழுத்து சேர்ந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். அன்று பத்தாவது.

அக்கா கறார் பேர்வழி. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"பொம்பளைங்க வந்தா, வயித்துல புள்ள இருக்கான்னு தனியா வச்சுக் கேக்கணும். டெஸ்டும் எடுக்கணும். முழுங்கின மாத்திரை குழந்தையோட சுரப்பியையும் சேத்து எரிச்சிடும். அப்புறம் குய்யோ முறையோன்னு கத்திப் பிரயோஜனமில்ல."

வந்தவள் ஒரு கல்லூரிப் பெண். கூடவே அம்மா. வரவேற்பு மேசையிலேயே வைத்து நான் கேட்டதுதான் தாமதம், அம்மா முந்திக்கொண்டாள்.

"நல்லா கேட்டே போ! அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

மகள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். டெஸ்ட் குப்பியை நீட்டக் கை வரவில்லை. புத்தி எங்கேதான் மேயப் போயிருந்ததோ!

நான் மட்டும் உள்ளே போனதும் அக்கா கேட்டார்.

"தனியா கேட்டியா?"

"கேட்டேங்க்கா."

"டெஸ்ட்?"

"நெகடிவ்."

பொய் அத்தனை சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. அக்கா அதை நம்பினார். இன்றைக்கும் என்னைச் சுடுவது அதுதான்.

அம்மாவை வெளியே அனுப்பினோம். ஈயக் குடுவையைத் திறந்து மாத்திரையைக் கொடுத்தேன். அந்தப் பெண் கதவை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு விழுங்கினாள். கதிர் வெளியே வராமலிருக்க அவளை அறையில் தனியே விட்டுவிட்டு, நாங்கள் வெளியே வந்து கனத்த கதவைச் சாத்தினோம். அக்கா கையெழுத்துப் போட்டார்.

"பத்தும் முடிஞ்சுது. தப்பிச்சுட்டே."

சுவரில் இருந்த இன்டர்காம் கரகரத்தது.

"சிஸ்டர், அம்மா போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கம்மா. சொல்லு," என்றேன்.

"எனக்கு மூணு மாசமா வரல. அம்மா முன்னாடி சொல்ல முடியல. உள்ள கூட்டிட்டுப் போய்த் தனியா கேப்பீங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்க கேக்கவே இல்லியா, அதான் பரவாயில்ல போலன்னு முழுங்கிட்டேன்."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார்.