வில்லன் வண்டி

வில்லன் வாசலில் ஒற்றைக் காலில் நின்று ஷூவைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தார். பெரியவன் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். எதிர் வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்தார்கள். ஒரு நகரத்துக் குடிதண்ணீரில் விஷம் கலக்கப் பார்த்த ஆசாமி, ஷூ நாடாவோடு மல்லுக்கட்டுவதை யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

"குனிஞ்சா தலை சுத்துது தம்பி," என்றார். திரையில் எல்லோரையும் நடுங்கவைத்த அதே குரல்தான். இப்போது கொஞ்சம் மூச்சு வாங்கியது.

பெரியவனின் அப்பா முன்னறையில் கிடத்தப்பட்டிருந்தார். வில்லன் அருகே போய் வெகுநேரம் நின்று பார்த்தார். எனக்கு இன்றைக்கு வரைக்கும் கார் ஓட்டத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். பிறகு சுவரோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தன்னையறியாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அந்த உளவாளிப் படங்கள் பல வருஷங்களாக வந்துகொண்டிருக்கின்றன. உளவாளியாக நடிப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அவனுடைய வெள்ளி நிறக் கார் மட்டும் மாறாது, அதன்மேல் ஒரு கீறலும் விழாது. வில்லன்கள் கதை வேறு. படத்துக்கு ஒரு வில்லன், வில்லனுக்கு ஒரு கார். ஒற்றைக் கையுறை போட்டவனுக்கு நீளமான கறுப்புக் கார். அழுதுகொண்டே ஆளைச் சுடுகிறவனுக்குப் பால் வெள்ளையில் ஒன்று. ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே பேசுகிற இவருக்கு, கதவு மேல்பக்கமாகத் திறக்கும் சிவப்புக் கார். எந்தக் காராக இருந்தால் என்ன, கடைசியில் அது உருண்டே தீரவேண்டும். உருட்டியதெல்லாம் பெரியவனின் அப்பாதான். ஸ்டண்ட் ஆட்களுக்கு அவர் 'உருட்டண்ணன்'. ஹீரோ வண்டி ஓட்டுகிறவனுக்கு வண்டியைக் காப்பாற்றத் தெரிந்தால் போதும், தனக்கு அதைச் சாகடிக்கத் தெரியவேண்டும் என்று அவர் பெருமையாகச் சொல்வார்.

தியேட்டரில் கூட்டம் முழுக்க வெள்ளிக் காரின் பின்னாலேயே போய்விடும். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் கவிழ்ந்த காரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரையில் அது கண் இமைக்கும் நேரம்கூட நிற்காது. உள்ளே இருந்த ஆள் என்ன ஆனான் என்று எந்தப் படத்திலும் யாரும் கேட்டதில்லை. அப்பா பக்கத்து இருக்கையில் கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படியும் அம்மா இருட்டில் அவர் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

இப்போது அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் நேற்றுக் காலை நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று மாலையிலிருந்து பெரியவன் அதை எத்தனை முறை கேட்டுவிட்டானோ. குளிக்கப் போனார். உள்ளே ஏதோ விழுந்த சத்தம். உடனே இரண்டு தட்டுத் தட்டினார். சரி, ஒன்றுமில்லை என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். திரும்பி வந்து கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஸ்டண்ட் ஆட்களுக்கு இரண்டு தட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அது அவர்கள் வழக்கம். கார் உருண்டு நின்றதும் உள்ளே இருப்பவர் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். உயிரோடு இருக்கிறேன், வரலாம் என்று அர்த்தம். அதுவரை கேமரா ஓடிக்கொண்டிருக்கும், ஒருவரும் கிட்டே போகக்கூடாது. கல்யாணமான புதிதில் அம்மா ஒருநாள் படப்பிடிப்பு பார்க்கப் போயிருந்தாள். கார் உருண்டதும் அலறிக்கொண்டு ஓடிவிட்டாள். காட்சி பாழ். வேறொரு காரைக் கொண்டுவந்து மறுபடி உருட்டவேண்டியதாயிற்று. முதல்முறை சிராய்ப்புகூட இல்லாத அப்பாவுக்கு இரண்டாம் முறை தோளில் காறையெலும்பு முறிந்தது. அவர் அம்மாவைத் திட்டவில்லை. இனிமேல் நான் தட்டின பிறகு வா என்று மட்டும் சொன்னார். அந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பரணில் பெட்டி விழுந்தாலும், கொல்லையில் ஏணி சரிந்தாலும், முதலில் இரண்டு தட்டுக் கேட்கும், அப்புறம்தான் ஆள் வருவார். பிள்ளைகள் அதை வைத்துக் கேலி செய்து வளர்ந்தார்கள்.

ஸ்டண்ட் மாஸ்டர் அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அப்பாவோடு அத்தனை படங்களிலும் நின்றவர் அவர்.

"தட்டிட்டாருன்னா நீங்க என்ன அண்ணி பண்ணுவீங்க," என்றார். "தட்டலைன்னாதான் ஓடணும். அஞ்சு எண்ணுவோம். அதுக்குள்ள தட்டு வரலைன்னா கேமராவாவது ஒண்ணாவது, ஓடிப்போய்க் கதவப் பேத்துருவோம். அண்ணன் விஷயத்துல நான் எண்ணினதே இல்ல. ஒண்ணு சொல்றதுக்குள்ள தட்டிருவாரு."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சா?" என்றாள்.

"ஆமா அண்ணி. அது எங்க எல்லாருக்கும் தெரியுமே."

பந்தலில் யாரோ மடக்கு நாற்காலிகளை விரித்தார்கள், டக் டக் என்று சத்தம் வந்தது. காலையிலிருந்து இப்படித்தான். கார்க் கதவு சாத்தினாலும் தம்ளரைக் கீழே வைத்தாலும் பெரியவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்ததையும் அவன் கவனித்திருந்தான். இந்த முறை அவள் திரும்பவில்லை.

சின்னவள் விடியற்காலைதான் வெளியூரிலிருந்து வந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அடுத்து வந்தவர்களிடம் அம்மா மறுபடி ஆரம்பித்து, தட்டினார் என்ற இடத்துக்கு வந்ததும் சின்னவளால் தாங்கமுடியவில்லை.

"தட்டினா போதுமாம்மா? வயசானவர் விழுந்திருக்காரு. கதவத் திறங்கன்னு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?"

வில்லன் தரையைப் பார்த்தார். பெரியவன் எழுந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அவனிடம் ஒரு விஷயம் இருந்தது. நேற்றிலிருந்து அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று மென்று முழுங்கிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லியிருந்தார். இதயம் ஒரே அடியில் நின்றிருக்கிறது, விழுவதற்கு முன்பே போய்விட்டார், விழுந்தபிறகு விரலைக்கூட அசைத்திருக்க முடியாது என்று. அப்படியானால் தட்டியது யார்? அம்மாவுக்குக் கேட்டது அவள் காதின் பழக்கமாகத்தான் இருக்கவேண்டும். இதைச் சொன்னால் அவள் மேலிருக்கும் பாரம் இறங்கிவிடும். ஆனால் அவர் கடைசியாக அவளிடம் சொன்ன அந்த இரண்டு தட்டும் இல்லை என்று ஆகிவிடும். அதைப் பிடுங்க அவனுக்கு மனசு வரவில்லை. இப்போது சின்னவளே போட்டு உடைத்தபிறகு இனிமேல் சும்மா இருப்பதும் பாவம் என்று தோன்றியது.

பேச ஆரம்பிக்குமுன் அவன் கண்ணில் பால் பாத்திரம் பட்டது. கழுவும் தொட்டியில் கிடந்தது. அடி முழுக்கக் கரிந்து, ஓரமெல்லாம் பொங்கி வழிந்து காய்ந்திருந்தது. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன் என்றுதானே அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்? அவன் பாத்திரத்தையும் அவளையும் பார்த்தான்.

"அவரு தட்டலடா," என்றாள் அம்மா.

வெளியே யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவள் ஒரு சொம்பில் மொண்டு கதவருகே நீட்டிவிட்டு வந்தாள்.

"தட்டுவாரு தட்டுவாருன்னு கதவுக்கிட்டயே நின்னேன். என்னங்க, என்னங்கன்னு மெதுவா கூப்பிட்டேன். பால் தீயற வாசனை வந்துச்சு. அப்பவும் நகரல. முன்னால ஒருதரம் ஓடித்தானே அவருக்கு எலும்ப ஒடிச்சேன். தட்டினப்புறம் வான்னு சொன்னவரு, தட்டலைன்னா என்ன பண்ணணும்னு சொல்லவே இல்லையேடா. அஞ்சாம். எல்லாருக்கும் தெரியுமாம்."

"அப்புறம் ஏம்மா தட்டினாருன்னு சொன்னே?"

"பக்கத்து வீட்டுக்காரரு கேட்டாரு, எவ்வளவு நேரமாச்சுன்னு. தட்டலைன்னா பழி என்மேல. தட்டினாருன்னா அவர்மேல. வாய்ல முதல்ல வந்தது அதுதான். அவர்மேல பழியப் போட்டுட்டு, அவர் தலமாட்டுலயே போய் உக்காந்திருக்கேன் பாரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். டாக்டர் சொன்னதை அவன் சொன்னான். அவசரத்தில் இரண்டு முறை சொன்னான். நீ ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அவர் கீழே விழும்போதே இல்லை, உன்மேல் ஒரு தப்பும் கிடையாது என்றான். அவள் பொறுமையாகக் கேட்டாள், சின்ன வயதில் அவன் பள்ளிக்கூடத்துக் கதைகளைக் கேட்டதுபோல.

"டாக்டர் எங்க இருந்தாரு அப்ப?"

"ஆஸ்பத்திரியிலதான்."

"நான் கதவுக்குப் பக்கத்துல இருந்தேன்," என்றாள் அம்மா. பிறகு குழாயைத் திறந்து பால் பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். அவன் வாங்கப் போனபோது கொடுக்கவில்லை.

மதியத்துக்கு மேல் வண்டி வந்தது. ஓட்டிவந்தவன் இளவட்டம், சந்துக்குள் பின்பக்கமாக வரத் தெரியாமல் திணறினான். ஸ்டண்ட் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. மாஸ்டர் அவனை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து ஒரே திருப்பில் கொண்டுவந்து நிறுத்தினார். வில்லனும் தூக்க வந்தார். உங்களுக்கு எதுக்கு சார் என்றார்கள். எனக்குப் பதிலாக எத்தனை தடவை ஓட்டியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, கால் பக்கமாக ஒரு கை கொடுத்தார்.

வண்டிக்குள் சின்னவள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாள். அவன் டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னான். தட்டினதா இல்லையா என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவள் புறங்கையால் முகத்தை மூடிக்கொண்டு, நான் என்ன வாய் பேசிட்டேன் அண்ணா என்று அழுதாள். வீட்டுக்குப் போனதும் மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொன்னாள். அம்மாவின் ரகசியத்தைச் சுமந்துகொண்டு தங்கையைத் தேற்றுவது அவனுக்குப் பெரும் பாடாக இருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சின்னவள் அம்மாவின் மடியில் விழுந்து அழுதாள். அம்மா அவள் தலையைத் தடவி, நீ கேட்டதில் என்ன தப்பு என்றாள். அழுத களைப்பில் அவள் அங்கேயே தூங்கிப்போனாள். அம்மா தலையணையை அவள் தலைக்குக் கீழே நகர்த்திவிட்டு, குளித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். குளியலறைத் தாழ்ப்பாள் நேற்றே பெயர்ந்துவிட்டது. கதவை வெறுமனே சாத்திக்கொண்டாள்.

பெரியவன் நாற்காலிகளை மடக்கி அடுக்கினான். உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாளி நிரம்பிவிட்டது என்பது சத்தத்திலேயே தெரிந்தது. ஆனாலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கையிலிருந்த நாற்காலியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான்.

அம்மா போட்ட துணியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். வாளி வழிந்து உடையெல்லாம் நனைந்திருந்தது. தலையைச் சுவரில் சாய்த்து, எதையோ கேட்பதுபோலக் கண்ணை மூடியிருந்தாள். அவர் கிடந்த இடம் அதுதான்.

"என்னம்மா பண்றே?"

"கதவச் சாத்திட்டு வெளிய நின்னு கூப்பிடு," என்றாள். "இங்கருந்தா கேக்குதான்னு பாக்கறேன்."

அவன் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, "அம்மா," என்று கூப்பிட்டான்.

"இவ்வளவு சத்தமா இல்ல. மெதுவா."

அவன் கதவருகே முகத்தைக் கொண்டுபோய், தூங்குகிற தங்கையை எழுப்பாத குரலில் மறுபடி கூப்பிட்டான். உள்ளே குழாயை மூடும் சத்தம் வந்தது. தண்ணீர் நின்றது.

"கேக்குது," என்றாள் அம்மா.