ஏழு மணி அஞ்சலி

எங்கள் கேபிளில் தினமும் ஏழு மணிக்கு, ஊரில் இறந்தவர்களின் படம் போட்டு அஞ்சலி ஓடும். சீரியல் பார்க்காத வீடு இருக்கலாம், திருவண்ணாமலையில் எங்கள் லைனில் அஞ்சலி பார்க்காத வீடு கிடையாது. யார் போனார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், காரியம் என்றைக்கு என்று தெரிந்தால்தானே மாலையோடு போய் நிற்க முடியும். ஓனர் இராமலிங்கம் உள்ளூர் சேனல் நடத்துவதே அதற்குத்தான் என்று கிண்டல் செய்வேன்.

அந்தப் படங்களுக்கு நடுவில்தான் என் மகன் கோபியின் படமும் ஓடியது. எட்டு வருடத்துக்கு முன் தீபத்தன்று கூட்டத்தில் என் கையை விட்டவன். அப்போது வயது பதினொன்று. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். ஒட்டிய போஸ்டரை மழை கிழித்துவிட்டது. நான் கேபிள்காரன், என்னிடம் இருந்தது கேபிள்தான். ஊரே கண் கொட்டாமல் பார்ப்பது அந்தப் பத்து நிமிடத்தைத்தான், அதிலேயே போடலாம் என்று சொன்னது நான். அஞ்சலிக்கு வைத்திருந்த அதே நீல பார்டருக்குள் அவன் படத்தை வைத்து, கீழே ‘காணவில்லை’ என்று அடித்து, என் போன் நம்பரையும் போட்டேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை.

இப்போது பழைய அனலாக் லைனை எடுக்கிறார்கள், எல்லா வீட்டுக்கும் செட்டாப் பாக்ஸ். சிக்னல் சென்னையிலிருந்து வரும், எங்கள் சேனலுக்கு அதில் இடமில்லை.

“மேலேர்ந்து ஆர்டர், சகாதேவா. சனிக்கிழமை ஏழரைக்கு ஆஃப் பண்ணிடணும்” என்றார் ஓனர்.

பாக்ஸ் மாட்டுவது என் வேலை. ஒரு வீட்டில் மாட்டினால் அந்த வீட்டில் கோபி வரமாட்டான். ஆனாலும் தெருத் தெருவாக மாட்டிக்கொண்டே போனேன். படம் கண்ணாடி மாதிரி தெரிகிறது என்று சந்தோஷப்பட்டு காபி கொடுத்தார்கள். குடித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி வீடு பாஞ்சாலை அக்காவுடையது. அந்தத் தெருவை போன மாதம்வரை வேறு ஆள் பார்த்தான், அக்காவுக்கு என்னைத் தெரியாது. சாவு மாலை கட்டி விற்கிறவர்.

“இனிமே எந்த வூட்ல சாவுன்னு எனக்கு யாருப்பா சொல்லுவாங்க?” என்றார். பிறகு, “ஒரு புள்ள படம் வருமே, அதுவும் வராதா? செத்து எவ்ளோ வருசமாவுது, இன்னும் விடாம போடுறாங்க. பெத்தவங்களுக்குப் பாசம் ஜாஸ்தி.”

“அவன் சாவலக்கா. காணாம போயிட்டான். என் புள்ளதான்.”

கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா. மூஞ்சப் பாத்துதான் யார் வூடுன்னு கண்டுக்குவேன். நீல பார்டர் போட்டாலே சாவுன்னுதான்...” என் முகத்தை உற்றுப் பார்த்தார். “அடுத்த வருசமே அதே ஜாடையில ஒரு பையனப் பாத்தேன். ரமணாசிரமத்தாண்ட ஒரு டீக்கடையில டம்ளர் கழுவினு இருந்தான். அச்சு அசல் அதே மூஞ்சி. செத்த புள்ள மாதிரியே ஒருத்தன் இருக்கானேன்னு நெனச்சினு வந்துட்டேன்.”

“எந்தக் கடை?”

“அத்த இடிச்சு லாட்ஜ் கட்டிட்டாங்களேப்பா.”

நான் பாக்ஸை மாட்டி முடித்தேன். ரிமோட்டில் எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. எத்தனை வீட்டில் நீல பார்டரைப் பார்த்து உச்சுக் கொட்டியிருப்பார்கள் என்று மட்டும் எண்ணம் ஓடியது. பாக்ஸ் ஃபாரத்தில் அக்காவின் கைநாட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

லைனிலேயே பாக்ஸ் மாட்டாத வீடு எங்களுடையது ஒன்றுதான். என் மனைவி ஆதிலட்சுமி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏழு ஐந்துக்குக் கோபி வந்தான், போனான். ஏழரைக்குத் திரை முழுக்கப் புள்ளியாகி இரைந்தது. அவள் எழுந்து அணைக்கவில்லை.

“எட்டு வருசம் போட்டோம். இந்த ஊர்ல ஒருத்தர் கண்ணுலகூடவா அவன் படல?”

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

“பட்டிருக்கான் லட்சுமி” என்றேன். “நான்தான் அவன செத்தவங்க நடுவுல வெச்சிட்டேன்.”