ஏழு மாதம் குளித்தவள்

1.

இந்தக் கதை ஒரு ரொட்டிக்கடை ரசீதின் பின்பக்கத்தில் ஆரம்பித்தது. அப்போது எனக்குக் கதை எழுதும் எண்ணமே இல்லை. எதிர்வீட்டு அமெரிக்கப் பெண்மணி டார்லீன் கோவாக் தெருவில் என்னை மறித்து, "'நான் குளிச்சிட்டிருக்கேன், அப்புறம் வாங்க'ன்னு போர்த்துகீசில எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். பிறகு ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் ஒஹையோவுக்கு விமானம் ஏறிவிட்டாள்.

(அறுபத்தாறு வயதுக்காரியை நேரில் மரியாதையாகத்தான் கூப்பிடுகிறேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' வந்துவிடுகிறாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஆக, கதாபாத்திரத்துக்கான முதல் வசனம் தயாராகிவிட்டது. கதைதான் இல்லை.

2.

தொடக்கம் ஒன்று: "தன் அறுபத்து மூன்றாம் வயதில், ஒஹையோவின் யங்ஸ்டவுன் நகரத்து வீட்டை விற்றுவிட்டு, டார்லீன் கோவாக் என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவ உதவியாளர்—"

வேண்டாம். செய்தித்தாள் மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "அலென்தேஜுவின் பொன்னிற வெயிலில்—"

இதுவும் வேண்டாம். போர்த்துகீசு நாட்டின் இந்தத் தென்பகுதியில் ஜூலை மாதத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே போனவர்கள் யாரும் வெயிலைப் பொன்னிறம் என்று எழுதமாட்டார்கள்.

தொடக்கம் மூன்று: விசாவிலிருந்து. அமெரிக்கர்கள் இந்த நாட்டுக்குக் குடிவருவதைக் கல்யாண வேலை மாதிரி செய்கிறார்கள். முகநூல் குழு ஒன்றில் சேர்ந்து, ஆளுக்கொரு தடித்த கோப்பு போட்டு, நிற நிறமாகத் தாள் ஒட்டி அடையாளம் வைப்பார்கள். கைரேகை கொடுத்து, தான் குற்றவாளி இல்லை என்று எஃப்.பி.ஐ.யிடமே சான்றிதழ் வாங்குவார்கள். பார்த்தே இராத ஊரில், பார்த்தே இராத வீட்டுக்கு ஒரு வருட வாடகை ஒப்பந்தம் போடுவார்கள். டார்லீனும் போட்டாள். ஓய்வூதியம் அங்கே வாடகைக்கும் மருந்துக்குமே சரியாகப் போய்விடும், இங்கே அதில் மீன் வாங்கிச் சாப்பிடலாம். அவள் வந்த காரணம் அவ்வளவுதான். இதை அவளே என்னிடம் சொன்னாள், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

எங்கள் ஊற்றுத் தெருவில் ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஜன்னல் ஷட்டரைப் பார்த்தால் போதும். காலையில் ஏற்ற வேண்டும், பொழுது சாய்ந்ததும் இறக்க வேண்டும். ஷட்டர் ஏறவில்லை என்றால் வீட்டில் ஆள் இல்லை, அல்லது ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் வந்து ஏற்றி இறக்குவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. டார்லீனுக்கும் யாரும் சொல்லவில்லை.

அவள் ஊரில் நல்ல அண்டை வீட்டார் என்றால் தொந்தரவு கொடுக்காதவர். எங்கள் தெருவில் தொந்தரவே கொடுக்காதவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்பார்கள். அவளோ சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. ஷட்டர்களை இறக்கிப் பூட்டிவிட்டு, இருட்டினால் தானாக எரியும் விளக்கு ஒன்றை உள்ளே வைத்தாள். இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் அது யாருக்காக எரிந்தது என்று தெருவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கதவில் காமிரா வைத்த அழைப்பு மணி ஒன்றும் பொருத்தினாள். இங்கே யாராவது அழுத்தினால் ஒஹையோவில் அவள் கைபேசி அடிக்கும். அங்கிருந்தே பேசலாம். வீட்டில் ஆள் இல்லை என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியக் கூடாது, குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லுங்கள் என்று எங்கோ ஒரு பாதுகாப்புக் குறிப்பில் படித்திருந்தாள்.

மணியை முதலில் அழுத்தியவள் இதலீனா. டார்லீன் வீட்டோடு ஒட்டிய வீடு அவளுடையது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, உரத்த குரல், இளகிய மனசு. இளகிய மனசு இருப்பது வெளியே தெரியக் கூடாது என்பதில் கண்டிப்பு. சட்டி நிறையக் கீரை சூப்போடு வந்து நின்றாள்.

"குளிச்சிட்டிருக்கேன், அப்புறம் வாங்க" என்றது கதவு.

மறுவாரம் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். டார்லீன் குளித்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த முறையும் குளித்துக்கொண்டிருந்தாள். நான்காவது முறை இதலீனா நிமிர்ந்து ஷட்டரைப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி, என் ஜன்னலைப் பார்த்தாள். நான் உள்ளே நகர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வேண்டுமென்றேதான் அழுத்தினாள். தெருவில் நாலு பேர் நிற்கும்போது போய் அழுத்துவாள். கதவு தன் ஒரே வசனத்தைச் சொல்லும். "சுத்தமான பொம்பளை" என்பாள் இதலீனா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், நல்லாத்தானே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்ற பெருமையும் சேர்ந்த சிரிப்பு.

4.

இங்கே ஒரு கணவனைச் சாகடிக்கலாமா என்று யோசித்தேன். டார்லீனின் கணவர் இந்த ஊரிலேயே இறந்து, நம் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கமாகியிருந்தால், அவள் இங்கே இருந்தாக வேண்டும் என்று வாசகர் உடனே அவள் பக்கம் சாய்ந்துவிடுவார். ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு கிழித்துவிட்டேன். விவாகரத்தான கணவர் அரிசோனாவில் கோல்ஃப் விளையாடிக்கொண்டு நலமாக இருக்கிறார். அவரைக் கொல்ல எனக்கு உரிமை இல்லை.

டார்லீன் போனது மகள் பெத்தனிக்காக. குறைப்பிரசவம். குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. மகளின் அலுவலகம் கொடுத்த விடுப்பு சீக்கிரமே தீர்ந்துபோனது. சில வாரங்கள் என்று போனவள் மகள் வீட்டு சோபாவில் படுத்து எழுந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, ஏழு மாதம் இருந்துவிட்டாள்.

[வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்றே ஒன்றுதான். குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர் தொடர்ந்து ஆறு மாதம் நாட்டுக்கு வெளியே இருந்தால் அட்டையை ரத்து செய்யலாம்.]

அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆறாவது மாதக் கடைசியில் டிக்கெட் போட்டாள். புறப்பட வேண்டிய அன்றைக்குக் குழந்தைக்கு மூச்சுத் திணறியது. டிக்கெட்டை விட்டுவிட்டாள்.

அந்த ஏழு மாதமும் இதலீனா மணியை அழுத்தும்போது அங்கே அதிகாலை. டார்லீன் சோபாவில் எழுந்து உட்கார்ந்து, கைபேசியில் எங்கள் தெருவைப் பார்ப்பாள். வெள்ளைச் சுவர், இதலீனாவின் ஏப்ரன், அவள் கையில் மூடிய சட்டி. யாரும் பார்க்காத வேளைகளில் அதே இதலீனா டார்லீன் வீட்டு வாசற்படியைப் பெருக்கிவிட்டுப் போவதையும் அவள் பார்த்தாள். மணி அடிக்காத வாரங்களில் அவளுக்கு என்னவோ போல் இருந்தது. 'நான் ஒஹையோவில் இருக்கிறேன், என் பேத்தி பெட்டிக்குள் இருக்கிறாள்' என்று சொல்லத்தான் வாய் வரும். அந்த வாக்கியம் ரசீதில் இல்லை.

5.

திரும்பி வந்தாள். மறுமாதம் அட்டை காலாவதி. புதுப்பிக்கக் கேட்ட தாள்களில் ஒன்று, ஊராட்சி அலுவலகம் தரும் இருப்பிடச் சான்றிதழ். அதை வாங்க, இந்த ஊரில் ஓட்டுரிமை உள்ள இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.பி.ஐ.யே நல்லவள் என்று சொன்ன பெண்ணுக்கு, ஊற்றுத் தெருவில் இரண்டு பேர் சொல்ல வேண்டியிருந்தது. அட்டை போனால் அவளுக்கு மகள் வீட்டு சோபாதான்.

மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு இதலீனா வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். இதலீனா அவரைக்காய் மாதிரியான ஃபாவா உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"குளிச்சு முடிச்சாச்சா?"

இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. டார்லீன் முகம் சிவந்துவிட்டது. தனக்குத் தெரிந்த போர்த்துகீசில், "நான், பொய். மன்னிப்பு" என்றாள்.

"அவகிட்ட சொல்லுங்க விசின்யு*. காமிராவை நம்பினா, என்னை நம்பலை. சாவியக் குடுத்திருந்தா நான் என்ன, அவ வீட்டுக் கரண்டியத் தூக்கிட்டா போயிருப்பேன்?"

"தொந்தரவு குடுக்க வேண்டாம்னு நினைச்சேன்" என்றாள் டார்லீன், என் வழியாக.

"தொந்தரவு குடுக்கறதில்லன்னா எதுக்குத் தெருவுல வந்து குடியேறணும்? காட்டுல போயி இருக்கலாமே."

டார்லீன் கைபேசியைத் திறந்து நீட்டினாள். படத்தில் குழாய்களுக்கு நடுவில் ஒரு குழந்தை. இதலீனா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இப்ப எத்தனை கிலோ?"

"ஆறு."

"பேரு?"

"மேவிஸ்."

"இதச் சொல்லியிருக்கக் கூடாதா? சூப்பு ஆறிப் போக ஆறிப் போக நின்னேனே." குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே அதை மறைக்க என் பக்கம் திரும்பினாள். "தாள்ல என்ன எழுதியிருக்கு? படிங்க."

படித்தேன்: மேற்படி நபர் மேற்படி முகவரியில் தொடர்ந்து குடியிருந்து வருவதை நான் நேரடியாக அறிவேன்.

இதலீனா யோசித்தாள். "நேரடியா அறிஞ்சதத்தானே கேக்கறாங்க? நான் மணியடிச்சப்பல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னாலேருந்து பதில் வந்துச்சு. அவ குரல்தான். தெருவே கேட்டுச்சு. குளிக்கறவ எங்க குளிப்பா? வீட்லதான் குளிப்பா. அதுக்கு மேல எனக்கென்ன தெரியும், நான் பள்ளிக்கூடத்துல சமைக்கறவ."

கையெழுத்துப் போட்டாள். தாளின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் பச்சையாகப் பதிந்தது. மூன்று வருடமாக 'அமெரிக்காக்காரி' என்றே சொல்லிவந்தவள், தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது முதல் தடவையாகச் சொன்னாள்: "சரி, விசின்யா. போய்க் குளிங்க."

*பக்கத்து வீட்டுக்காரரை இங்கே கூப்பிடும் முறை. ஆணுக்கு விசின்யு, பெண்ணுக்கு விசின்யா. கூப்பிட்டுவிட்டால் ஆள் உறவுக்குள் வந்துவிட்டதாக அர்த்தம்.

6.

இரண்டாவது சாட்சி, காப்பிக்கடை அர்மிந்து. பருத்த உடம்பு, வெள்ளை மீசை, கையெழுத்து கேட்டால் முதலில் ஒரு கதை சொல்கிற ஆள். டார்லீன் கடைக்குள் நுழைந்ததும் அவர்—

இல்லை. அர்மிந்து என்று ஒருவர் இல்லை. காப்பிக்கடை மூடிப் பல காலம் ஆகிறது. என்னைக் கதைக்கு வெளியே வைப்பதற்காக அவரைக் கொண்டுவந்தேன். மீசை வரைக்கும் நன்றாகத்தான் வந்தார்.

இரண்டாவது சாட்சி நான். ஊரில் வேறு யாருக்கும் டார்லீனைத் தெரியாது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாழ்ந்ததற்கு அதுதான் பலன். இதலீனாவாவது குரலைக் கேட்டேன் என்று சொல்லலாம். அந்தக் குரலுக்கு வசனம் எழுதியவன் நான். லிஸ்பன் விமான நிலையத்தில் அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவனும் நான். தெரியாது என்று சொல்ல எனக்கு இண்டு இடுக்குக்கூட இல்லை.

கதையில் எத்தனை பொய் வேண்டுமானாலும் எழுதுகிறேன், கை கூசுவதில்லை. இந்த ஒரு வரிக்குக் கீழே பேர் எழுதக் கை வரவில்லை. பயமும்தான். பிறந்தது வேறு நாட்டில், பிற்பாடு குடியுரிமை வாங்கியவன். பொய்ச் சாட்சி என்று ஏதாவது வந்தால் முதலில் என் பேரைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

இதை இதலீனாவிடம் சொன்னேன்.

"உங்க அட்டைக்கு யாரு கையெழுத்துப் போட்டா?" என்று கேட்டாள்.

"நீங்கதான்."

"அப்ப நீங்க செதூபல் நகரத்துல கட்டட வேலையில இருந்தீங்க. சனிக்கிழமை மட்டும் வருவீங்க. மிச்ச நாள் எங்கன்னு நான் கேட்டேனா?"

"இல்ல."

"ஷட்டர யாரு ஏத்தினா?"

ஃபாவாத் தோலை வாரிக் கோழிக்குப் போடப் போய்விட்டாள்.

7.

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறேன். அட்டை வருகிறது. டார்லீன் எனக்கு ஆப்பிள் பை சுட்டுத் தருகிறாள். யாராவது விமானப் பயணத்தைத் தோண்டாத வரைக்கும் எல்லோரும் சுகம்.

முடிவு ஆ: மறுக்கிறேன். "பரவாயில்ல, உங்க நிலைமை புரியுது" என்று அவள் பல் தெரியச் சிரிக்கிறாள். பல் மருத்துவரிடம் வேலை பார்த்தவளின் சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டே பெட்டியை நான்தான் மறுபடி தூக்கிக் கொடுக்க வேண்டும்.

முடிவு இ: உண்மையை எழுதி, ஆஸ்பத்திரித் தாள்களையும் சேர்த்து அனுப்பலாம். தகுந்த காரணம் இருந்தால் மன்னிப்பு உண்டு. ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம் என்றார் நான் கேட்டுப் பார்த்த வழக்கறிஞர். இதுதான் நேர்மையான முடிவு என்று எழுதி முடித்து, பேனாவையும் மூடிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்த உண்மை போய்ச் சேருகிற நாளில் இதலீனாவின் கையெழுத்து பொய்யாகிவிடும். தாளைக் கிழித்துப் புதிதாக ஆரம்பிக்கலாம்தான். அந்தப் பச்சைக் கட்டைவிரல் ரேகையைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை.

(முடிவு ஈ: )

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டில் ஷட்டர் ஏறுகிற சத்தம். இப்போதெல்லாம் தெருவிலேயே அவள்தான் முதலில் ஏற்றுகிறாள், ஊரையே எழுப்புகிற மாதிரி. ஏற்றிவிட்டு என் ஜன்னலைப் பார்த்துக் கையசைப்பாள். சாட்சிக் கையெழுத்தைப் பற்றி இரண்டாவது தடவை கேட்கவே இல்லை. தொந்தரவு கொடுக்கக் கூடாதல்லவா.

இன்றைக்குத்தான் கடைசி நாள். ஊராட்சி அலுவலகம் மதியத்தோடு மூடிவிடும். தாள் மேசையில் இருக்கிறது. நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஏழு பகுதி வரைக்கும் இந்தத் தெருவில் குடியிருந்திருக்கிறீர்கள். ஷட்டர், சூப்பு, சோபா, எல்லாம் நேரடியாக அறிவீர்கள்.

வாசலில் யாரோ மணி அடிக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். வாய் தானாகவே சொல்லிவிட்டது:

"குளிச்சிட்டிருக்கேன், அப்புறம் வாங்க."

காலடி நகரவில்லை. இதலீனா அங்கேயே நிற்கிறாள். பேனா தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் குளித்துக்கொண்டிருக்கிறேன். கதவை நீங்கள் போய்த் திறங்கள்.